அணைத்தல்

கண்ணாடி நெஞ்சின் பக்கம் இருக்க வேண்டும்.
கனமெல்லாம் முகத்தில்தான்.
பின்னால் ஒரு மெல்லிய கழுத்து,
எதிலாவது இடித்தால் கதை முடிந்தது.
ஆகவே இந்தச் சனியனை
அணைத்துத்தான் தூக்க முடியும்,
கன்னத்தில் கன்னம் வைத்து,
லிஃப்ட் இல்லாத மூன்று மாடி,
கோட்கா நகரத்தில், பிப்ரவரியில்.

விற்றவள் ஹில்க்கா தூவினென்.
துறைமுக அலுவலகத்தில் பத்தொன்பது வருடம்.
போகும்போது ஒரு நாற்காலியும் இதையும் கொடுத்தார்களாம்.
நாற்காலி எப்போதோ உடைந்துவிட்டது.
"இருபது யூரோ. இல்லை, பத்து. காபி ஊற்றவா?"
நான் படியிறங்குகையில்
மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"இதை வைத்து என்ன செய்வாய்?"
வாயைத் திறந்தால் பிடி நழுவும்.
நல்ல வேளை.

முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன்.

குளிரிலிருந்து வந்ததை உடனே ஏற்றக்கூடாது,
உள்ளே வேர்க்கும்.
ஒரு ராத்திரி அது அடுப்பங்கரையில் கிடந்தது.
தெர்வா, என் தார்நிறத்து நாய்,
இரண்டு முறை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

பின்மூடிக்கு ஆறு திருகாணி.
ஐந்து ஒரு ரகம், ஒன்று வேறு:
எனக்கு முன்பே எவனோ நாடி பார்த்திருக்கிறான்.
உள்ளே மூக்குப்பொடி நிறத்தில் தூசு,
ஒரு பேப்பர் கிளிப்,
யாரோ விட்ட சிகரெட்டின் மஞ்சள் இன்னும் தாமிரச் சுருளில்.
செத்ததென்று நம்பிக் கை வைக்காதே,
தூங்கும் பாம்பு என்று நினைத்துக்கொள்.
இடது கை முதுகுக்குப் பின்னால்.
ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை
ரப்பர் தொப்பிக்கு அடியில் செருகினேன்.
டப்.
இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது அவ்வளவுதான்.

பிறகு விளக்கை நிறுத்தி
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.

எழுத்து.

மின்சாரமே இல்லாத கண்ணாடியில்,
வெந்நீர் பட்ட தோல் போல மங்கிய பழுப்பில்,
மேலிருந்து கீழாக:
கப்பல் :
கொடி :
ஆழம் :
வந்த நேரம் :
வழிகாட்டி :

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
ஒற்றை நிறத் திரை, புள்ளிகள் கிடையாது,
சலித்துப் பரப்பிய மாவு.
முக்காற்புள்ளி வரைக்கும் கருகியிருக்கிறது.
அதற்கப்புறம் மாவு மாவாகவே.
பத்தொன்பது வருடம் அங்கே வந்து போன பெயர்கள்,
கிரேக்கக் கொடிகள், பனாமாக் கொடிகள்,
மரத்தோடு வந்தவை, உப்போடு போனவை,
ஒன்றுகூட நிற்கவில்லை.
கேள்விகள் மட்டும் தங்கிவிட்டன.

இல்லை, இன்னொன்றும் இருந்தது.
முதல் வரியில் முக்காற்புள்ளியை அடுத்து,
ஒரு எழுத்தின் அகலத்துக்கு
சின்னக் கட்டம்.
திரையிலேயே ஆழமான சூடு அதுதான்.

ஹில்க்காவுக்கு போன் போட்டேன்.
"அதுவா? கர்சர்," என்றாள்.
"மூடுபனி விழுந்தால் ஒன்றும் வராது.
அது துடித்துக்கொண்டே இருக்கும்.
நான் ஸ்வெட்டர் பின்னுவேன்."
எத்தனை ஸ்வெட்டர் என்று கேட்கத் தோன்றியது.
"கண்ணைக் கெடுத்த பெட்டி," என்றாள்,
"திருப்பிக் கொண்டு வந்துவிடாதே."

மாலையில் ஏற்றினேன்.
முதலில் எழுந்தது தெர்வா.
காதை மடக்கி, என்னைக் குற்றவாளியாகப் பார்த்து,
கூடத்துக்குப் போய்விட்டது.
அந்தக் கீச்சுச் சத்தம்
நாற்பத்தைந்து வயதோடு என்னை விட்டுப் போயிற்று.
நாய் வெளிநடப்புச் செய்தால்
உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

பதினேழு நொடி.
தேன் நிறம் ஊறி வந்தது.
சோதனைக்கு நான் அனுப்பிய கட்டங்கள்,
இடது மூலையில் கொஞ்சம் கோணல்,
மற்றபடி சுத்தம்.
முழங்கை மயிரெல்லாம் எழுந்து
கண்ணாடியின் பக்கம் சாய்ந்தது.
அந்த வெளிச்சத்தில்
கப்பலும் இல்லை, கொடியும் இல்லை,
எவ்வளவு உற்றாலும் தெரியவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
எண் பதினொன்று. ஆம்பர். வேலை செய்கிறது.
படிக்க வேண்டுமென்றால் அணைக்கவும்.

அணைத்தேன்.
நடுவில் ஒரு புள்ளி சுருங்கிச் சுருங்கி
போக மனமில்லாமல் நின்றது.
நாய் திரும்பி வந்து
என் காலடியில் சுருண்டது.
டார்ச்சை எடுத்தேன்.