மேல் நட்டு முதலில்

தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது.
ஆர்சி புத்தகத்தில் ஒரு வருசம்,
ஹவுசிங் மண்ணைச் சுரண்டினால் வேறொரு வருசம்.
யாரோ எந்த வண்டியிலிருந்தோ மாட்டிய ஆக்சில்.

காளப்பநாயக்கன்பட்டி. ஞாயிறு மத்தியானம்.
ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி
சாக்பீஸ் கோடு போட்டு
ரெண்டு சுத்து சுத்தினேன்.
அடியில் மல்லாந்து ரத்தினா ஷாப்டை எண்ணினாள்.
"நாலு. அப்புறம் கொஞ்சம்."
"கொஞ்சம்னா?"
"பெருங்காயம் போடற கொஞ்சமில்லீங்க.
உப்புப் போடற கொஞ்சம்."

கீழ் நட்டை முதலில் திறந்தவன் ஒருத்தன்
எங்கள் வீதியிலேயே இருக்கிறான்.
எண்ணெய் இறங்கிவிட்டது, மேல் நட்டு துரு.
அவன் வண்டி நின்ற இடத்தில் இப்போது
கோழி அடைகாக்கிறது.
ஆகவே மேல் நட்டு. ஸ்பேனருக்குப் பின்னால்
மூன்றடிப் பைப்பு. முனகிற்று, விட்டது.

கறுப்பாய் வடிந்ததில் மினுக்கம்.
காந்தத்தில் மீசைபோல் இரும்புத் தூள்.

தொண்ணூறு ஆயில், ரெண்டு லிட்டரும் சொச்சமும்.
சுண்டுவிரலை ஓட்டையில் விட்டேன்:
நகம் நனைந்தது.

விடிந்தால் கொல்லிமலை, எழுபது வளைவு.
ஒவ்வொன்றிலும் வெளிச்சக்கரம் கூட ஓடணும்,
உள்சக்கரம் குறைய.

"முன்னாடி ஆக்சிலு இதுக்கு ஒத்து வருமா?"
கேட்டது காலடியிலிருந்து.
அதற்குள் அங்கே நகர்ந்திருந்தாள்,
கூந்தலெல்லாம் செம்மண்.