தரைக்கம்பி

மண்டிக்காரர் மாடிக்கு ரேடியோ வந்தப்போ
எனக்குப் புதுசா ஒரு வேலை வந்தது.
பின்சுவர் ஓரம் இடுப்பளவுக் குழி,
அடியில் செப்புத் தகடு, மேலே கரியும் உப்பும்.
மாடியிலிருந்து இறங்கிவந்த கம்பி ஒன்று
அந்த ஈரத்தில் கால் நனைச்சிகினு நிக்கும்.
"தெனம் பொழுது சாய ஒரு கொடம் ஊத்து கெங்கா,
காஞ்சா கத்தும்."

காய்ந்தால் கத்தும். தெரியாதா எனக்கு?
எங்க வீட்டில் ஆறு வாய்.

மாடிப்படி நான் ஏறினதில்லை.
யார் யார் வந்திருக்காங்க என்று செருப்பைப் பார்த்து அறிவேன்.
வார் அறுந்து ஆணி அடித்தது கம்பவுண்டர் தேவசகாயம்.
புதுத்தோல் வாசம் வீசுகிறது
பேரணாம்பட்டு லத்தீப் சாயபு.
மரக்கட்டை, முதலியார் வீட்டுப் பெரியவர்.
குதிகால் மட்டும் தேய்ந்த ஒரு ஜோடி
யாருதென்று கடைசிவரை தெரியலை.

குடத்தைச் சாய்ப்பேன்.
மண் குடிக்கிற சத்தம் முதலில்.
பிறகு மாடியில் கரகரப்பு அடங்கும்,
யாரோ தொண்டையைச் செருமிக்கொண்ட மாதிரி.
பட்டணத்து ஆம்பளைக் குரல் ஒன்று
சேதி சொல்ல ஆரம்பிக்கும்.
"ஆங், இப்போ தெளிவு" என்பார்கள்.
ஒருத்தரும் கீழே எட்டிப் பார்த்ததில்லை.

சாமி இல்லாத கோயில், ராசா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு என்று எங்க வேலூரைச் சொல்வாங்க.
ஆள் இல்லாத பேச்சு என்று
நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.
யாரிடமும் சொல்லலை.

அந்த வருஷம் பங்குனியிலேயே
கிணறு கயிற்றுக்கு எட்டலை.
பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி
கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு
குடம் நிறைவதற்குள் முதுகில் வெயில் இடம் மாறும்.

சிங்கப்பூர் விழுந்து ஒரு மாசம் ஆகியிருந்தது.
ஊர் எப்படி விழும்? மரமா, சுவரா?
எங்கண்ணன் பொன்னுரங்கம் அங்கேதான்
பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுகினு இருந்தான்.
தை மாசம் வந்ததுதான் கடைசிக் கடுதாசி.
அதில் மூணு வரிமேல் கறுப்பு மை பூசியிருந்தது.
அந்த மூணு வரியைத்தான் அம்மா
தபால்காரரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள்.

பிடிபட்டவங்க பேரெல்லாம் ரேடியோவில் வாசிக்கிறாங்களாம்,
உழவர் சந்துப் பக்கம் யாரோ சொன்னாங்க.
அன்றைக்கு மண்டிக் குடத்தோடு
வீட்டுக் குடத்தையும் இடுப்பில் வைத்துகினு போனேன்.

முதல் குடம்.
மணிலாக்கொட்டை விலை சொன்னான்.
ஏதோ ஒரு துரை எங்கேயோ போய் இறங்கினார்.
அப்புறம் வீணை, வெகு நேரம்.
தகடு காய்ந்திருக்கும், மறுபடி கரகரப்பு.

வீட்டுக் குடத்தைத் தூக்கினேன்.
"சிங்கப்பூரில்" என்றது மாடி.
மொத்தமாய் ஊற்ற மனசு வரலை,
சொல்லுக்கு ஒரு சொட்டாய்ச் சாய்த்தேன்.
எண்ணிக்கை சொன்னான். ஆயிரம் ஆயிரமாய்.
ஆயிரத்தில் ஒருத்தனுக்கு
வலது கையில் அடுப்புச் சுட்ட தழும்பு இருக்குமா
என்பதை மட்டும் சொல்லலை.

கம்பி மேலேதானே போகுது.
குனிந்தேன். குழி உப்பு வாசம் அடித்தது.
"பொன்னுரங்கம்" என்றேன் அதுக்குள்ளே.
"தோட்டப்பாளையம். ரொட்டி சுடுறவன்."

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு கிறீச்.
"என்னய்யா இது, நடுவுல?"
"மண்ணு காஞ்சிருக்கும். கெங்கா! தண்ணி!"
மாடியிலிருந்து என் பேர் வந்தது அதுதான் முதல் தடவை.

குடத்தை ஆட்டிப் பார்த்தேன். அரைக்கும் கீழே.
ஒரு கை அள்ளிக் குடித்தேன்.
குடத்து வாயை முந்தானையால் மூடிகினு
தெருவில் இறங்கினேன்.
வெகு தூரம் வரைக்கும் அது கத்திகினே வந்தது.

"பேரு சொன்னாங்களா?" என்றாள் அம்மா.
"சொல்லியாச்சு" என்றேன்.
யார் சொன்னதென்று அவள் கேட்கலை.
குடத்தை வாங்கி
மிச்சத்தை அளந்து உலையில் விட்டாள்,
இன்னும் ஒரு ஆள் வரப்போகிற மாதிரி
ஒரு பிடி அரிசி கூடப் போட்டு.