முப்பத்தொன்பது சுவர்கள்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில், ஆறாம் தளத்துக் குளம்.
இருபத்தைந்து மீட்டர்.
நாற்பது நீளம் போனால் ஒரு கிலோமீட்டர்.
இருபது நிமிடம், முப்பது வினாடி.
மூன்று வருடமாக இதுதான் என் வேகம் என்று
அடையாள அட்டை எண்ணைப்போல ஒப்பித்து வந்தேன்.

கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
இருந்தும் சுவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.
நாற்பது நீளத்துக்கு முப்பத்தொன்பது திருப்பம்.
கால் மடக்கி ஓர் உதை உதைத்தால்
கை அசையாமலே நாலு மீட்டர்.
மொத்தம் நூற்றைம்பத்தாறு மீட்டர் இனாம்.
போதாததற்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு,
சந்தேகமே வராதவர்கள் போட்ட கோடு.

ஞாயிறு காலை, தஞ்சோங் பூங்கா.
பெயரில்தான் பூங்கா.
தேத்தண்ணீர் நிறத்தில் கடல், பால் கொஞ்சம் தூக்கல்.
ஆரஞ்சு மிதவை வரை ஒரு கிலோமீட்டர், திரும்பி வர இன்னொன்று.
என் தோளில் 214 என்று எழுதிவிட்ட பெண்
"ஜெல்லி மீன் இருக்கு, பெருசா இல்ல" என்றாள்.
மீனா, கடியா, எது பெரிதாக இல்லை
என்று கேட்பதற்குள் ஊதிவிட்டார்கள்.

இருபத்தைந்தாவது மீட்டரில்
கால் தானாகச் சுவரைத் தேடியது.
இருட்டில் இல்லாத படியை மிதித்ததுபோல் ஒரு திடுக்.
கோடு இல்லை. நீட்டிய என் விரல்களே தெரியவில்லை.
எட்டு வீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கி
மிதக்கும் பள்ளிவாசலின் மினாரைப் பார்த்துக்கொண்டேன்.
ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது.
நகர்ந்தது அதுவல்ல.

எதிர்நீச்சல், எதிர்நீச்சல் என்று
எத்தனையோ பேர் மேடையில் முழங்கிக் கேட்டிருக்கிறேன்.
உப்புக் கரிக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை.
நங்கூரமிட்ட படகில் ஒருவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
அவன் தின்று முடிக்கும்வரை
அவனை என்னால் தாண்ட முடியவில்லை.

மிதவையைத் தொட்டபோது முப்பத்துமூன்று நிமிடம்.

திரும்பினேன்.
படகுக்காரன் கை கழுவிக்கொண்டிருந்தான்,
உதறுவதற்குள் அவனைக் கடந்திருந்தேன்.
பதினேழே நிமிடத்தில் கரை.
பிறந்ததிலிருந்து இத்தனை வேகமாக நான் நீந்தியதில்லை.
அதில் எவ்வளவு என்னுடையது?
கடல் ரசீது தருவதில்லை.

சூய் லெங் வாழைப்பழம் உரித்தபடி கூட்டினாள்.
ஐம்பது. இரண்டால் வகுத்தால் இருபத்தைந்து.
"உன் கடல் வேகம் இதுதான், எழுதி வச்சுக்கோ."
தணிக்கைக்கு அது போதும்.
ஆனால் அந்த வேகத்தில்
நான் எந்த இடத்திலும் நீந்தவில்லை.
போகும்போது அதைவிட மெதுவு,
வரும்போது அதைவிட விரைவு.
மிதவையைச் சுற்றி வளைந்த அந்த ஒரு நொடியில்
இருபத்தைந்து என்னை உரசிப் போயிருக்கலாம்,
வேண்டுமானால்.

கழுத்தில் சிவப்பாக ஒரு நூல்.
பெரிதாக இல்லை.

செவ்வாய் இரவு மறுபடியும் குளம்.
அதே சுவர்கள், அதே இனாம்.
இருபத்தொரு நிமிடம், பத்து வினாடி.
காவலாளி தில்குமார் விளக்கணைக்க வந்து நின்றார்.
"அடிக்கடி தலைய தூக்கிப் பாக்குறீங்களே அக்கா,
யாரைத் தேடுறீங்க?"

எதிரே, ஈரத் துண்டு போட்ட
பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மட்டும்.
"அதைத்தான்" என்றேன்.