ஐந்து புள்ளி பூஜ்யம்

தஞ்சாவூர்க் கடையில் பையன்
பெட்டியைத் தட்டிக்காட்டினான்:
"ஏழு புள்ளி ரெண்டு, மேடம்."
எங்கள் கூடமே பதினொன்றுக்குப் பத்து.
ஏழு ஸ்பீக்கர் உட்கார்ந்தால்
நாங்கள் இருவரும் வாசற்படியில்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்:
மின்விசிறி ஓடும்போதும்
படத்தில் பேசுவது புரிய வேண்டும்.

வீரையன் கேட்டது வேறு.
"வாட் எவ்வளவு தம்பி?"
"நூத்தம்பது சார்."
"ஒண்ணு மட்டும் பாடுனாலா,
எல்லாம் சேந்து பாடுனாலா?"
பையன் அட்டையைத் திருப்பினான்.
பொடி எழுத்தில் இருந்தது உண்மை.
மூன்று பம்ப்செட் வாங்கிக் கெட்டவரிடம்
குதிரைத்திறன் கதை செல்லாது.

பிறகு உள் அறை.
கதவைச் சாத்தினான். குளிர். சிவப்பு சோபா.
"நடுவுல உக்காருங்க, அங்கதான் சரியா விழும்."
வலமிருந்து இடமாக ஒரு காற்று.
தகரத்தில் நாலு துளி.
அப்புறம் பின்னாலிருந்து
சடசடவென்று
மழை.

அவர் எழுந்துவிட்டார்.
நான் அதற்கு முன்பே எழுந்து
பைக்குள் போனைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
வடுவூர் கொள்முதல் நிலையத்து வாசலில்
நூற்றுப்பத்து மூட்டை,
ஒன்பது நாளாய்,
டோக்கன் அறுபத்து நாலு,
பாதிக்குத்தான் தார்ப்பாய்.

"குணசீலா, அங்க மழையா?"
"வெயிலு மண்டையப் பொளக்குது அக்கா.
ஏன், டிவில சொன்னானா?"

பையன் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றான்.
"நல்லாருக்குல்ல மேடம், எஃபெக்ட்டு?"
நல்லாத்தான் இருந்தது.
வேறு ஏதாவது போடச் சொல்லலாம்தான்.
எங்களுக்குத் தோன்றவில்லை.

பேருந்தில் அவர் போனைக் காட்டினார்.
அதே பெட்டி, ஆன்லைனில், நாலாயிரம் குறைவு.
"பழுதானா?"
"பெங்களூருக்கு அனுப்பணுமாம்."
"மன்னார்குடி தாண்டி
நம்ம மிக்சியே போனதில்ல."
போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கூத்தாநல்லூர் ஜெகபர்
குவைத்தில் பதினாறு வருஷம் ஆம்ப்ளிஃபயர் பிரித்தவர்.
யாரோ விட்டுப்போன ரிசீவர் ஒன்றைக்
கவிழ்த்து, முதுகைப் படித்துக் காட்டினார்.
"அஞ்சு புள்ளி ஒண்ணு. ஆறு வருஷப் பழசு.
இருநூத்தி நாப்பது வோல்ட்டுக்குப் பொறந்தது.
அமெரிக்காக்காரன் கொண்டாரது நூத்திப்பத்து,
இங்க சொருகுனா அன்னிக்கே அடக்கம்.
ஆமா, நடவு நேரத்துல உங்க லைன்ல எவ்வளவு வருது?"
"நூத்தி எழுபது. சில நாள் அதுவும் இல்ல."
"அப்ப முதல்ல ஸ்டெபிலைசர்.
பெறகு நடு ஸ்பீக்கர்.
பேச்சு பூரா அதுலதான் வரும், அதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.
ஒண்ணு சொல்றேன், பெட்டிக்கு மேல ஒரு சாண் விடுங்க.
துணி போத்தாதீங்க. சாமி படமும் வேணாம்.
மூச்சு முட்டும்."

முன்பணம் கேட்கவில்லை.
டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஒட்டி
'வடுவூர் நெல்' என்று எழுதிவைத்தார்.

பதின்மூன்றாம் நாள் எடை போட்டார்கள்.
ஈரப்பதத்துக்குக் கொஞ்சம்,
மூட்டைக்கு இவ்வளவு என்று கொஞ்சம்,
காவல் இருந்த குணசீலனுக்கு, அது நியாயம்.
வங்கியில் ஏறிய தொகையை
அவர் ஸ்பீக்கர் கணக்கில் வகுத்தார்.
சப்வூஃபர் அப்படியே கழிந்தது.
புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம்.

மாட்டிய முதல் ராத்திரி
அமைப்புக்குள் போய், அம்புக்குறியை அழுத்தி அழுத்தி
பின் ஸ்பீக்கர் இரண்டையும்
மைனஸ் பத்துக்கு இறக்கினார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மார்கழியில் மறுபடி அறுவடைக்கு நிற்கும்,
அப்போதும் ஏற்றமாட்டார்.

படம் ஓடியது.
மின்விசிறியும் ஓடியது.
யாரோ யாரிடமோ "சாப்டியா?" என்றாள்.
துல்லியமாக விழுந்தது, இரண்டு பேர் காதிலும்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவர்
"என்ன சொன்னா?" என்றார்.

சொன்னேன்.