கேள்வி ஏழு, மூன்றாம் வரைவு

மூலத்தில் அது இப்படி இருந்தது:
'கடந்த நான்கு வாரங்களில்
வீட்டைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்வது
எவ்வளவு சிரமமாக இருந்தது?'
குல்னா மருத்துவமனையின் பின்கட்டில், மின்விசிறி ஓடாத அறையில்,
கமிட்டி என்று நாங்கள் ஐந்து பேர்.
உறிஞ்சியை அடித்துவிட்டுத் துடைப்பம் வைத்தோம்.
மாடிப்படியை அடித்துவிட்டுக் குழாயடி, குடம்.
ஒரு மைல் என்பது
மூடின மில்லின் கேட்டிலிருந்து படகுத்துறை வரை.
பேராசிரியர் தாலுக்தார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
"சமானம், சமானம்" என்றார்.

நான்கு வாரம் என்றால்
ஜொய்குன் பீபிக்கு நான்கு தவணை.
செவ்வாய்தோறும் கடன் சங்கத்துப் பெண் வருவாள்.
"ரெண்டாம் தவணையன்னிக்கு இடுப்பு பிடிச்சுது,
மூணாவதுக்குக் கொஞ்சம் விட்டுச்சு."
அப்படியே எழுதிக்கொண்டேன்.
அதைவிடப் பிசகாத நாட்காட்டி
எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் இல்லை.

வலிக்கு எங்கள் வங்காளத்தில் ஒலிகள்.
கொன்கொன்: மார்கழிக் குளிரில் எலும்புக்குள்.
சின்சின்: மெல்லிய கம்பி, நிற்காமல்.
தொப்தொப்: சீழ் கட்டின விரல்.
ஜின்ஜின்: மரத்த கால் விழித்துக்கொள்ளும்போது.
மூலத்திலோ சுடும் வலி, குத்தும் வலி, துளைக்கும் வலி.
யாரோ ஆயுதத்தோடு வந்துபோன மாதிரி.
இங்கே யாரும் வரவில்லை,
உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

லீட்ஸில் ஒருவர், மூலத்தைப் பார்க்காமல்,
எங்கள் வங்காளத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கினார்.
'மொன் காராப்' என்று அனுப்பியது
'மனம் கெட்டுப்போனது' என்று வந்தது,
பால் கெட்டுப்போன மாதிரி.
நாங்கள் சிரித்தோம். பிறகு
ஷிரீன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு
"தப்பா?" என்று கேட்டாள்.

ஒபினாஷ் மிர்தா இருபத்தாறு வருஷம்
சணல் நூற்கும் யந்திரத்தின் முன் நின்றவர்.
யந்திரத்துக்கும் வேதனைக்கும்
எங்கள் மொழியில் ஓரசைதான் வித்தியாசம்.
"ஜொந்த்ரொவ பழைய இரும்பு விலைக்குப் போட்டாங்க,"
தோளைத் தொட்டுக் காட்டினார்,
"ஜொந்த்ரொணா என்கூட வீட்டுக்கு வந்துடுச்சு."
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றேன்.
"பதினாலணா."
ரூபாய்க்குப் பதினாறணா, அதில் பதினாலு.
தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்: எட்டே முக்கால்.
முக்காலுக்குக் கட்டம் இல்லை. ஒன்பதை வட்டமிட்டேன்.
அந்தக் கால்
இன்னும் அவருக்குத் தரவேண்டியிருக்கிறது.

ஜொய்குன் பீபியிடம் கேள்வி ஏழு:
குடத்தில் தண்ணீர் தூக்க முடிகிறதா?
"தூக்கறேன்."
சிரமமாக இருக்கிறதா?
"செஞ்சாகணும்."
சிரமம் உண்டா, இல்லையா அம்மா?
அவள் என்னைப் பார்த்தாள்,
டிப்போவில் பனிக்கட்டிமேல் நாளெல்லாம் குந்தி
இறாலின் தலை கிள்ளுகிற விரல்களைப் பார்த்தாள்.
"செஞ்சாகணும்னு சொன்னேனே."

கட்டங்கள் ஐந்து: சிரமமே இல்லை, சிறிது,
ஓரளவு, மிகவும், முடியவே முடியாது.
கூட்டிப் பார்த்தால்
அந்த வராந்தாவிலேயே ஆரோக்கியமானவள் அவள்தான்.
இரண்டு வேலையாட்கள் வைத்திருக்கும் வங்கி மேலாளரின் மனைவிக்கு
முப்பத்திரண்டு.
அவருக்கும் வலிக்கத்தான் செய்தது, பொய்யில்லை.

இரண்டாம் வரைவில் 'செய்து முடித்தபின்' என்று சேர்த்தோம்.
மூன்றாவதில்
'செய்ய வேறொருவர் இருந்தால் அவரிடம் விட்டிருப்பீர்களா?'
வாசித்துக் காட்டியதும் ஜொய்குன் பீபி
வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரிப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று
கையேட்டில் தேடினேன்.

"இதுல என் பேர் எங்க?"
பெயர் எழுதமாட்டோம், நீங்கள் பதினேழு.
"சரி," முந்தானையை உதறி எழுந்தாள்,
முதலில் ஒரு கை, பிறகு முழங்கால், பிறகு சுவர்.
"பதினேழுக்கு வலிக்குதுன்னு எழுது.
அடுத்த செவ்வாய் வரமுடியாது."