ஐந்து மார்ச் மாதங்கள்

காலை ஆறே காலுக்குச்
சுரங்கத்தின் பேருந்து அவர்களை இறக்கிவிடும்.
நேற்றிரவு பத்து மணியிலிருந்து
எதுவும் தின்னாத நாற்பது ஆண்கள்,
காதோரங்களில் செம்புத் தூசி.
பசித்தவர்கள் அதிகம் பேசுவதில்லை.
சட்டைக் கையை மடித்துக்கொண்டு
சுவரில் ஒட்டிய லோவா ஆற்றின் படத்தையே
பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் ஒரியேட்டா. ஊசி என் வேலை.
குழாயில் பெயர் ஒட்டுவது, இயந்திரத்தில் அடுக்குவது,
அது துப்பும் தாளை உறையில் போடுவது.
எல்லை தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில்
இயந்திரமே ஒரு நட்சத்திரம் இடும்.
நட்சத்திரம் இல்லாதவன் நலமானவன்.
கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

யெர்கோ கொல்கே, நாற்பத்தியொரு வயது,
முன்னூறு டன் லாரி ஓட்டுபவர்.
நரம்பு பிடிபடாத தடித்த கை.
"குத்துங்கள் சென்யோரா, நாங்கள் பாறையையே குடைகிறோம்"
என்பார் ஒவ்வொரு மார்ச்சிலும்,
அதே சிரிப்போடு.

அன்று பிரிண்டரில் மை தீர்ந்துபோயிற்று.
காத்திருந்த நேரத்தில், வேறு வேலை இல்லாமல்,
அவருடைய பழைய உறையைப் பிரித்தேன்.
வெறும் வயிற்றுச் சர்க்கரை:
தொண்ணூறு.
தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்று ஐந்து.
தொண்ணூற்று எட்டு.
இந்த ஆண்டு, தொண்ணூற்று ஒன்பது.
நூறைத் தொட்டால்தான் நட்சத்திரம்.
பக்கத்து வரியில் கொழுப்பும்
அதே படிகளில் ஏறிக்கொண்டிருந்தது,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு,
சத்தமில்லாமல்.

ஒரு தாள், ஒரு புள்ளி.
ஐந்தையும் மேசையில் சேர்த்து வைத்தால்
பாதை.

கூப்பிட்டேன். முழங்கை மடிப்பில்
பஞ்சை அழுத்தியபடி வந்தார்.
பென்சிலால் எண்களைக் கோத்துக் காட்டினேன்,
வாய் திறக்கவில்லை.
குனிந்து பார்த்தவர், "இது எங்கள் குழியின் சாலை" என்றார்.
"பத்தடிக்கு ஓரடி.
ஓட்டுகிறவனுக்கு ஏற்றம் தெரியாது,
எஞ்சினின் குரல்தான் மாறும்."
பிறகு, கதவைப் பார்த்து, தணிந்து:
"அலுவலகத்துக்குத் தெரிந்தால்
லாரியிலிருந்து இறக்கிவிடுவார்களா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.
நட்சத்திரம் விழாத தாளுக்காக
யாரையும் இறக்கிப் பார்த்ததில்லை.
யாரையும் டாக்டரிடம் அனுப்பிப் பார்த்ததும் இல்லை.

கேட்கக் கூடாததைக் கேட்டேன்:
வண்டியில் என்ன குடிப்பீர்கள்?
பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர் கோலா,
தூங்கிவிடாமல் இருக்க.
அப்பாவுக்கு இருந்ததா?
"இடது காலில் மூன்று விரல்கள்" என்றார்.
நான் நோயைத்தான் கேட்டேன்.

நீரிழிவு என்ற சொல்லுக்குள் நீர் ஓடுகிறது.
மழைக்குக் குடை வாங்கி அறியாத
கலாமா ஊரில்
அது மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து
வீடு வீடாகப் போகிறது.

ஜூனில் டெண்டர் கைமாறியது.
சுரங்கத்தின் ரத்தம் இனி
அந்தோஃபகஸ்தா கம்பெனிக்கு.
பழைய உறைகள் எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டன.
அங்கே அவர் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்,
ஒற்றைப் புள்ளியாக,
இயல்பாக.
அன்றே ஒரு பேருந்துச் சீட்டின் பின்புறம்
ஐந்து எண்களையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.
ஏன் கொடுத்தேன் என்று அப்போது தெரியாது.

அடுத்த ஏப்ரல், சந்தையில், தக்காளி வரிசையில்
அவர்தான் என்னை அடையாளம் கண்டார்.
எனக்கு முகங்களைவிடக் கைகள்தான் நினைவிருக்கும்.
ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னாலிருந்து
அந்தச் சீட்டை உருவினார்.
ஆறாவதாக, அவர் கையெழுத்தில்: தொண்ணூற்று ஒன்பது.

"குறைந்திருக்கும் என்று நினைத்தேன்.
தண்ணீராகக் குடித்து, ஷிப்டுக்கு மூன்று முறை
வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது.
சூப்பர்வைசர் திட்டுகிறான்."
ஏறவில்லையே என்றேன்.
"முன்னூறு டன்னை ஏற்றத்தில் நிறுத்தி,
பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்வது இருக்கிறதே..."
முடிக்கவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.
கடைக்காரி எடைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சீட்டில் இன்னும் இரண்டு எண்களுக்கு
இடம் இருந்தது.