மிச்சம்

பம்பின் முதுகில் ஒரு சின்னச் சன்னல்.
அதில் இன்று அறுபத்தொன்று.
என் மூச்சுக்கு ஐந்தொகை போடும் இடம் அது.

நான் கணக்கெழுதுவது நாலாம் குறுக்குத் தெருவில்,
செத்தல் மிளகாய் மொத்தக் கடை.
சாக்கு விழும்போதெல்லாம் காற்றுச் சிவக்கும்.
தூசியைத் தவிருங்கள் என்றார் கிளினிக் டொக்டர்.
தலையாட்டினேன்.
மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் போடுவதே
அந்தத் தூசிதான் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

ஜிந்துப்பிட்டியில் என் அறைச் சுவர் முழுக்கப்
பூஞ்சணம்.
கீழ்வீட்டில் கடவுளுக்கு ஒரு புகை,
நுளம்புக்கு ஒரு புகை;
இரண்டும் குடியேறுவது என் நெஞ்சில்.
ஆசுபத்திரியில் போய்ப் 'புகை பிடித்த' இரவு
புகைக்குப் புகைதான் மருந்தோ என்று
பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்.
சிரிப்பு விசிலாகி முடிந்தது.

மார்கழியில் காற்றுத் திசை மாறியது.
கடலுக்கு அப்பால் யாருடையதோ புகை
கடவுச்சீட்டு இல்லாமல் வந்திறங்க,
தாமரைக் கோபுரம்
இடுப்புக்கு மேல் காணாமற்போனது.
வெளியே வராதீர்கள் என்றது வானொலி.
லொறிகள் வந்தன.
நாங்களும் வந்தோம்.

அன்றுதான் மூட்டை தூக்கும் பியரத்ன
படிக்கட்டில் குந்திவிட்டான்.
பீடி இருமல் என்பார் முதலாளி,
பீடியே தொடாதவனை.
உதடு கத்தரிப்பூ நிறம்.
எழுபது கிலோவை எறிகிறவன்
தோள் இரண்டும் காதைத் தொடக்
காற்றைத் தூக்க முடியாமல் தூக்கினான்.

பம்பைக் குலுக்கி அவன் வாயில் வைத்து அழுத்தினேன்.
பிடி, விடாதே, பத்து வரைக்கும்.
நான் தமிழில் எண்ண
அவன் விரல்கள் சிங்களத்தில் மடங்கின.
பத்தில் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.
நான் ஏன் பிடித்திருந்தேன், தெரியவில்லை.
ஒன்று போதவில்லை. நாலு.
பிறகு ஓட்டோவில் ஏற்றிப் பெரியாசுபத்திரிக்கு.

நாலாம் நாள் வந்து நின்றான்,
சட்டைப் பையில் அவனுக்கென்றே ஒரு துண்டுச்சீட்டு.
ஒரு அழுத்து எவ்வளவு, மிஸ்?
ஆயிரத்து எண்ணூறை இருநூறால் வகுத்து
ஒன்பது ரூபாய் என்றேன், விளையாட்டாக.
மேசையில் இரண்டு இருபது ரூபாய்த் தாள்.
போகவில்லை.
மிச்சம் நாலு ரூபாய், மிஸ்.

லாச்சியைத் துழாவுகிறேன்.
சில்லறை இல்லை.
வாய்விட்டுச் சிரிக்கவும் பயம்,
சன்னலில் ஐம்பத்திரண்டு.